கொழுப்புச் சவ்வும் கோடை மண்ணும்

மார்கழி மாதத்து விடியற்காலையில், தலைக்குத் தடவிக்கொள்ளத் தேங்காய் எண்ணெய்ப் புட்டியை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் ஓர் ஏமாற்றம் நேர்ந்திருக்கும். எண்ணெய் வெண்ணெய்போல் உறைந்து கிடக்கும். ஒரு சொட்டும் வெளிவராது. அதே குளிரில், அதே வீட்டுச் சமையலறையில் இருக்கும் நல்லெண்ணெயோ யாதொரு மாறுதலும் இன்றி நெளிந்து ஓடும். இரண்டும் எண்ணெயே, இரண்டும் செக்கில் ஆட்டி எடுக்கப்பட்டவையே. ஒன்று உறைவானேன், மற்றொன்று உறையாமல் இருப்பானேன்? நேயர்களே, நான் இன்று பேச வந்தது மண்ணில் வாழும் பாக்டீரியாக்களைப் பற்றி. ஆயினும் இந்த எண்ணெய்ப் புட்டியிலிருந்து தொடங்குவதே நேர்வழி என்று எனக்குத் தோன்றுகிறது.

எண்ணெய் என்பது பெரும்பாலும் நீண்ட சங்கிலிகளால் ஆனது. கரி அணுக்கள் ஒன்றையொன்று கைகோத்து நிற்கும் அச்சங்கிலிகளைக் கொழுப்பு அமிலங்கள் என்கிறோம். தேங்காய் எண்ணெயில் உள்ள சங்கிலிகளில் பத்தில் ஒன்பது பங்கு நேரானவை. ஈர்க்குகளைச் சேர்த்துக் கட்டிய துடைப்பம்போல் அவை ஒன்றோடொன்று நெருங்கி அடுங்கி நிற்கும். ஆகவே சிறிது குளிர்ந்ததும் கெட்டியாகிவிடும். நல்லெண்ணெயின் சங்கிலிகளில் பெரும்பாலானவற்றில் இடையிடையே இரட்டைப் பிணைப்பு உண்டு. அவ்விடத்தில் சங்கிலி முழங்கைபோல் மடங்கும். முள்விறகைக் கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: எவ்வளவு இறுக்கினாலும் உள்ளே இடைவெளி இருந்துகொண்டே இருக்கும். அந்த இடைவெளிதான் நல்லெண்ணெயை ஓடவிடுகிறது. நேரான சங்கிலியை நிறைவுற்றது என்றும், மடங்கிய சங்கிலியை நிறைவுறாதது என்றும் ரசாயன நூல்கள் கூறும்.

இனி மண்ணுக்கு வருவோம். வளமான நிலத்தில் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்தால், அதில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரே ஓர் உயிரணு. நமக்கு வெயில் உறைத்தால் நிழலுக்கு ஓடுகிறோம், குளிர்ந்தால் போர்த்திக்கொள்கிறோம். நம் உடலினுள் எக்காலமும் 37 டிகிரி வெப்பம் நிலைத்திருக்கிறது. பாக்டீரியாவுக்கு இந்த வசதிகள் ஒன்றும் இல்லை. சித்திரை மாதத்து நண்பகலில் நிழலற்ற செம்மண் தரையின் மேற்பரப்பு 50 டிகிரியையும் தாண்டுவது உண்டு. அதற்குள் இருக்கும் பாக்டீரியாவும் அதே 50 டிகிரியில்தான் இருக்கிறது. பொழுது சாய்ந்து மண் குளிர்ந்தால் அதுவும் கூடவே குளிர்கிறது. மாதக்கணக்கில் காய்கிறது, பிறகு ஒரே மாலைப்பொழுதில் மழையில் மூழ்குகிறது.

இத்தனை இன்னல்களுக்கும் நடுவே அதன் உள்ளே இருப்பதை உள்ளேயும், வெளியே இருப்பதை வெளியேயும் நிறுத்தி வைப்பது ஒரு சவ்வு. சவ்வுக்கு வெளியே பலமான சுவர் ஒன்று உண்டு. ஆனால் அது கம்பி வலைபோல் ஓட்டைகள் கொண்டது. வடிவத்தைக் காக்குமே அல்லாமல் கசிவைத் தடுக்காது. கசிவைத் தடுப்பது சவ்வுதான். அதன் கனம் ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறிட்டால் அவற்றில் நான்கு அல்லது ஐந்து கூறு. நம் தலைமயிர் ஒன்றின் பருமனுக்கு இச்சவ்வுகளை அடுக்கவேண்டுமானால் பதினாயிரத்துக்குக் குறையாமல் வேண்டும். இந்தச் சவ்வு கொழுப்பினால் ஆனது. ஒவ்வொரு கொழுப்பு மூலக்கூறுக்கும் நீரை நாடும் ஒரு தலையும், நீரை வெறுக்கும் இரண்டு வால்களும் உண்டு. வால்கள் என்பவை நாம் மேலே கண்ட அதே சங்கிலிகள். இரண்டு வரிசை மூலக்கூறுகள் வாலோடு வால் சேர, தலைகளை நீர்ப்பக்கம் நீட்டி நிற்கின்றன.

இரண்டு வரிசை என்பதை எப்படிக் கண்டார்கள் என்பது சுவையான கதை. 1925-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு லைடன் நகரில் கார்ட்டர், கிரெண்டல் என்ற இருவர், இரத்தச் சிவப்பணுக்களின் கொழுப்பை அஸிட்டோன் என்னும் திரவத்தால் பிரித்தெடுத்து, நீர்ப்பரப்பின் மேல் படலமாகப் பரப்பினார்கள். அப்படலத்தின் பரப்பு, அணுக்களின் மொத்த மேற்பரப்பைப்போல் இருமடங்கு இருந்தது. ஆகவே சவ்வு இரட்டைப் படலம் என்று முடிவு கட்டினார்கள். முடிவு சரியே. ஆனால் அவர்கள் கொழுப்பு முழுவதையும் பிரித்தெடுக்கவில்லை. உலர்ந்த அணுக்களை அளந்ததால் மேற்பரப்பையும் குறைத்தே கணக்கிட்டுவிட்டார்கள். இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விட்டன! பரீட்சையில் இப்படி விடை வருவதைக் கண்டு மதிப்பெண் போடலாமா வேண்டாமா என்று நான் பலமுறை தயங்கியிருக்கிறேன்.

சவ்வு உறைந்த தேங்காய் எண்ணெயாகவும் இருக்கக்கூடாது. நீராக இளகியும் ஓடக்கூடாது. உறைந்தால் அதில் பதிந்துள்ள புரதங்கள் அசைய முடியாமல் போகும். உணவு உள்ளே வராது. மிக இளகினால் உள்ளிருக்கும் உப்புக்கள் கசிந்து வெளியேறும். அதற்கு இடைப்பட்ட ஒரு பதம் வேண்டும். வெல்லப்பாகு காய்ச்சும் தாய்மார்கள் 'பதம்' என்ற சொல்லை எந்தப் பொருளில் வழங்குகிறார்களோ, அதே பொருளில்தான் நானும் இங்கே வழங்குகிறேன். 1974-ஆம் ஆண்டில் சினென்ஸ்கி என்னும் அமெரிக்க விஞ்ஞானி, குடலில் வாழும் ஒரு பாக்டீரியாவைப் பல்வேறு வெப்பநிலைகளில் வளர்த்து, அந்தந்த வெப்பநிலையில் அதன் சவ்வுக் கொழுப்பின் இளக்கத்தை அளந்தார். குளிரில் வளர்ந்ததும் வெப்பத்தில் வளர்ந்ததும் தத்தம் நிலையில் ஏறக்குறைய ஒரே பதத்தில் இருந்தன. உஷ்ணம் மாறினால் அவ்வுயிர் தன் கொழுப்பை மாற்றிப் பதத்தைக் காத்துக்கொள்கிறது என்பது வெளிப்பட்டது.

இதை நான் வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லிக்கொடுத்து வந்தேன். ஆனால் அதன் உண்மைப் பொருள் எனக்குப் புரிந்தது வகுப்பறையில் அன்று. திண்டிவனத்திற்கு மேற்கே ஒரு சிற்றூரில், மானாவாரி மணிலாக் கொல்லை ஒன்றில்.

அப்பொழுது நான் விவசாயக் கல்லூரி ஒன்றில் இளம் ஆசிரியனாக இருந்தேன். நிலக்கடலையின் வேரில் சிறு சிறு முடிச்சுக்கள் இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவற்றினுள் பிராடிரைஸோபியம் என்னும் பாக்டீரியா குடியிருந்து, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உணவாக்கித் தருகிறது. ஆய்வுக்கூடத்தில் அதை வளர்த்து, பழுப்பு நிலக்கரித் தூளில் கலந்து, பொட்டலமாகக் கட்டி உழவர்களுக்குக் கொடுப்பது வழக்கம். அந்தக் கிராமத்துப் பெரியவர் ஒருவர், என் பேச்சை நம்பித் தம் நிலத்தில் பாதியை எனக்கு ஒதுக்கினார். அந்தப் பாதிக்கு இந்தப் பொட்டலம். தழைச்சத்து உரத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன்.

ஆடி மாதம். பொட்டலங்களைத் துணிப்பையில் இட்டுப் பஸ்ஸில் ஏறினேன். உட்கார இடம் இல்லை. ஓட்டுநருக்குப் பக்கத்தில் இஞ்சினை மூடியிருக்கும் பெட்டியின்மேல் எல்லோரும் மூட்டைகளை வைத்திருந்தார்கள். நானும் பையை அங்கேயே வைத்தேன். இரண்டு மணி நேரம் அது அங்கே இருந்தது. ஊர் சேர்ந்தபோது உச்சிப்பொழுது. விதையைக் கஞ்சியில் நனைத்துத் தூளைப் புரட்டி, களத்தில் வெயில் நன்றாக விழும் இடம் பார்த்துப் பரப்பச் சொன்னேன். விரைவில் காயட்டும் என்பது என் எண்ணம். நிழலில்தான் உலர்த்தவேண்டும் என்று பொட்டலத்தின்மேலேயே அச்சடித்திருந்தது. அதை எழுதிக்கொடுத்தவர்களுள் நானும் ஒருவன் என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

நாற்பது நாள் கழித்துப் போனேன். பெரியவர் இரண்டு பக்கத்திலிருந்தும் செடிகளைப் பிடுங்கி வரப்பில் வைத்திருந்தார். எங்கள் பாதியில் இலைகள் வெளுத்திருந்தன. "முடிச்சு இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது, ஐயா. உரத்தை மட்டும் ஒரு பக்கம் குறைத்துவிட்டோம்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

ஊர் திரும்பும் வழியெல்லாம் அந்தப் பொட்டலத்தினுள் என்ன நடந்திருக்கும் என்றே எண்ணிக்கொண்டு வந்தேன். அதைச் சொல்வதற்குமுன், மண்ணுயிர்கள் தம் சவ்வைச் சரிசெய்துகொள்ளும் வழிகள் சிலவற்றைச் சொல்லவேண்டும்.

குளிரை முதலில் எடுத்துக்கொள்வோம். வைக்கோலிலும் மண்ணிலும் வாழும் பாஸில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவின் சவ்வில் ஒரு புரதம் வெப்பமானியாகவே பணி செய்கிறது. இதை 2001-ஆம் ஆண்டில் விளக்கியவர்கள் அர்ஜென்டினா நாட்டு ரொஸாரியோ நகரத்து ஆராய்ச்சியாளர்கள். தியெகோ தெ மெந்தோஸா என்பவர் அக்குழுவின் தலைவர். குளிர்ந்தால் வால்கள் நீண்டு நிமிர்கின்றன. சவ்வின் கனம் சிறிது கூடுகிறது. அந்தச் சிறு மாறுதலை உணர்ந்த புரதம் உள்ளே செய்தி அனுப்புகிறது. உடனே ஓர் என்ஸைம் உருவாகி, சவ்வில் ஏற்கெனவே இருக்கும் நேரான வால்களில் இரட்டைப் பிணைப்பை இட்டு மடக்குகிறது. தேங்காய் எண்ணெய் நல்லெண்ணெயின் குணத்தைப் பெறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பதம் வந்ததும் வெப்பமானி செய்தியை நிறுத்திவிடுகிறது. இவ்வளவும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே நீளமுள்ள ஓர் உயிரினுள்!

நஞ்சைத் தாங்குவது வேறு வகை. டொலுவீன் என்பது வர்ணங்களைக் கரைக்கப் பயன்படும் திரவம். நீரில் ஆயிரத்தில் ஒரு பங்கு கலந்தாலே பெரும்பாலான பாக்டீரியாக்கள் மாண்டுபோகும். ஏனென்றால் அது சவ்வினுள் புகுந்து வால்களைப் பிரித்துச் சவ்வை இளக்கிவிடும். 1989-ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டு இனூயே, ஹோரிகோஷி என்ற இருவர், கியூஷு தீவில் குமமோட்டோ பகுதி மண்ணிலிருந்து ஒரு சூடோமோனாஸ் இனத்தைப் பிரித்தெடுத்தார்கள். பாதிக்குப் பாதி டொலுவீன் கலந்த ஊடகத்திலும் அது வளர்ந்தது! இவ்வகைப் பாக்டீரியாக்களின் உத்திகளில் ஒன்று 1992-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஹைபீப்பர் முதலியோரால் வெளிவந்தது. மடங்கிய வாலை அவை நிமிர்த்திவிடுகின்றன. இரட்டைப் பிணைப்பை நீக்குவதில்லை. அது திரும்பியிருக்கும் பக்கத்தை மட்டும் மாற்றுகின்றன. முழங்கை நீள்கிறது; சவ்வு இறுகுகிறது. வனஸ்பதி செய்யும் ஆலையில் எண்ணெயின் ஒரு பகுதிக்கு நேரும் மாறுதலும் இதுவே. மூலக்கூறு புதிதாக ஒன்றும் ஆக்கவேண்டியதில்லை, ஆற்றலும் செலவழிவதில்லை, சில நிமிஷங்களில் காரியம் முடிந்துவிடுகிறது. நஞ்சு தாக்கும்போது உயிரணுவுக்குச் சமைத்துச் சாப்பிட நேரம் ஏது? (நிமிர்ந்த வால் மட்டுமே அவற்றைக் காப்பதாக எண்ணிவிடவேண்டாம், உள்ளே வந்த நஞ்சை இறைத்து வெளியே தள்ளும் இறைவைகளும் அவற்றுக்கு உண்டு.)

அமிலம் மிகுந்தாலும், உணவு தீர்ந்தாலும் பல பாக்டீரியாக்கள் இரட்டைப் பிணைப்பின்மேல் ஒரு கரி அணுவைப் பொருத்தி, மூன்று அணுக்கள் கொண்ட சிறு வளையமாக்கிக்கொள்கின்றன. மண்ணிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்து, வளையங்கள் எவ்வளவு, வளையம் ஆகாதவை எவ்வளவு என்று அளந்து, அங்குள்ள உயிர்கள் துன்பப்படுகின்றனவா என்று ஊகிக்கும் முறையும் வழக்கில் இருக்கிறது. மணிச்சத்துக் குறைந்த நிலத்தில் சில வேர்முடிச்சுப் பாக்டீரியாக்கள் தம் சவ்விலுள்ள பாஸ்பரஸையே மீட்டெடுத்துக்கொண்டு, பாஸ்பரஸ் இல்லாத வேறு கொழுப்புக்களை அவ்விடத்தில் வைத்துக்கொள்கின்றன. முடைப்பட்ட குடும்பத்தில் பித்தளை அண்டாவை விற்றுவிட்டு மண்பானையில் தண்ணீர் பிடிப்பது போன்ற காரியம் இது.

இவற்றையெல்லாம்விட என் மனத்தைக் கவர்ந்தது ஹோப்பனாய்டு என்னும் கொழுப்பின் வரலாறு. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் தென்கிழக்காசியக் காடுகளிலும் ஹோப்பியா என்ற பெருமர இனம் உண்டு. எடின்பரோ நகரத்துத் தாவர நூலார் ஜான் ஹோப் என்பவரின் பெயரால் வந்த பெயர் அது. அம்மரங்கள் குங்கிலியம் போன்ற பிசினைத் தருவன. ஓவியங்களுக்குப் பூசும் அவ்வகைப் பிசினை 1950-களில் ஆராய்ந்தவர்கள், ஐந்து வளையங்கள் ஒட்டிய ஒரு பொருளைக் கண்டு, மரத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். அதன் உறவுப் பொருள்கள் பிற்காலத்தில் நிலக்கரியிலும், மண்ணெண்ணெய் எடுக்கும் கச்சா எண்ணெயிலும், பழம் பாறைகளிலும் எங்கு தோண்டினாலும் அகப்பட்டன. இத்தனையும் மரப்பிசினா? இல்லை. ஸ்ட்ராஸ்பூர் நகரத்து கீ ஊரிஸான் என்பவரும் அவர் குழுவினரும் அவை பாக்டீரியாக்களின் சவ்விலிருந்து வந்தவை என்று காட்டினார்கள். பாக்டீரியா மாண்டு, மண் பாறையாகி, கோடிக்கணக்கான ஆண்டுகள் கழிந்த பின்னும் சவ்வின் ஒரு துண்டு அழியாமல் இருக்கிறது.

உயிரோடிருக்கும் பாக்டீரியாவில் இதன் வேலை என்ன? நம் உயிரணுக்களின் சவ்வில் கொலஸ்டிரால் செய்யும் வேலையை ஒத்தது என்று பொதுவாகச் சொல்லலாம். தட்டையான, மடங்காத அந்த வளையத் தொகுதி வால்களுக்கிடையே செருகிக்கொண்டு, வெப்பத்தில் அவை மிக ஆடாமல் பிடித்துக்கொள்கிறது. கோடை மழையின் முதல் தூறலில் எழும் மண்வாசனைக்குக் காரணமான ஸ்டிரெப்டோமைஸஸ் இனங்கள் இதைச் செய்யக்கூடியவை. 1965-ஆம் ஆண்டில் ஜியாஸ்மின் என்று பெயர் பெற்ற அந்த வாசனைப் பொருளும் ஹோப்பனாய்டும் ஒரே வகைக் கச்சாப் பொருளிலிருந்து கிளைத்துப் பிறப்பவை. திரவ ஊடகத்தில் மிதந்து வளரும்போது இப்பாக்டீரியாவில் ஹோப்பனாய்டு காண்பதில்லை. நீரை விட்டுக் காற்றில் இழைகளை உயர்த்தி வித்துக்களை ஆக்கும்போது தோன்றுகிறது. நீர் இழப்பைத் தடுப்பதற்கே என்று எளிதில் முடிவு கட்டத் தோன்றும். ஆனால் உருளைக்கிழங்கில் சொறிநோய் உண்டாக்கும் இனம் ஒன்றில், அதைச் செய்யும் திறனை நீக்கிப் பார்த்தபோது, வெப்பம் முதலிய இன்னல்களிலும் அது பழையபடியே வளர்ந்தது. அழகான விளக்கம் எல்லாம் மெய்யான விளக்கம் ஆகிவிடாது.

வேர்முடிச்சுப் பாக்டீரியாவின் விஷயத்தில் சான்று உறுதியானது. தஞ்சைக் கைவினைஞர்கள் வெண்மையான நெட்டியைச் செதுக்கிக் கோபுரங்களும் பொம்மைகளும் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். நீர்நிலைகளில் வளரும் அந்த நெட்டிச் செடியின் இனத்தாரோடு உறவு கொண்ட பிராடிரைஸோபியம் ஒன்றில், ஹோப்பனாய்டு வெளிச் சவ்வுக் கொழுப்போடு ரசாயனப் பிணைப்பாகவே ஒட்டியிருப்பதை 2014-ஆம் ஆண்டில் கண்டார்கள். ஹோப்பனாய்டு செய்ய இயலாதபடி ஆக்கப்பட்ட பாக்டீரியா இன்னல்களைத் தாங்கமாட்டாமல் தளர்ந்தது. அது குடிபுகுந்த முடிச்சுக்களும் காலத்துக்கு முன்பே மூப்படைந்தன. செடியின் உள்ளேயும் பாக்டீரியாவுக்குச் சுகவாழ்வு இல்லை என்பதை இது காட்டுகிறது.

இப்பொழுது என் துணிப்பைக்குத் திரும்புவோம். அதிலிருந்த பாக்டீரியா, ஆய்வுக்கூடத்துக் கலத்தில், சுமார் 28 டிகிரியில், வேண்டிய சர்க்கரையோடும் நீரோடும் செல்லப்பிள்ளையாக வளர்ந்தது. அதன் சவ்வு அந்த 28 டிகிரிக்குப் பதமானது. இஞ்சின் பெட்டியின் சூடு திடீரென்று தாக்கியபோது, கொழுப்பை மாற்றிக்கொள்ள அதற்கு நேரம் இல்லை. இந்தப் பாக்டீரியா மெதுவாக வளர்வது. இரண்டாகப் பிளப்பதற்கே பல மணி நேரம் ஆகும். பிறகு களத்து வெயில். நீர் போய்விட்டால் கொழுப்பின் தலைகள் ஒன்றோடொன்று நெருங்கி, வால்கள் உறைந்துவிடும். அந்த இடத்தில் நீருக்குப் பதிலாக நின்று தலைகளை விலக்கிப் பிடிக்கும் டிரெஹலோஸ் என்னும் சர்க்கரையைச் சேர்த்து வைத்துக்கொள்ளவும் அவகாசம் வேண்டும். உறைந்த சவ்வு ஈரமண்ணில் விழுந்து மறுபடி இளகும் கணத்தில் ஓட்டை விடுகிறது. சவ்வு ஒன்றே காரணம் என்று நான் சாதிக்கமாட்டேன். சூட்டில் புரதங்களும் குலையும். ஆயினும் விதை நிலத்தில் விழுந்தபோது, அதன்மேல் ஒட்டியிருந்த உயிர்களில் பெரும்பகுதி முன்பே உயிர் நீத்தவை என்பதில் எனக்கு ஐயமில்லை.

அப்படியானால் பெரியவர் காட்டிய முடிச்சுக்கள் எங்கிருந்து வந்தன? நாங்கள் பொட்டலம் போடாத பக்கத்திலும் அவை இருந்தனவே. அவை அந்த மண்ணுக்கே உரிய பாக்டீரியாக்கள் ஆக்கியவை. எண்ணிறந்த கோடைகளில் காய்ந்து, நனைந்து, தாங்கமாட்டாதவை மடிய, தாங்கியவை பெருகி நின்ற வம்சம்.

காய்ந்த மண் நனைவதும் சிறு நிகழ்ச்சியன்று. வறட்சியில் பாக்டீரியா தன்னுள் கரைபொருள்களை நிரப்பி வைத்துக்கொள்ளும். திடீரென்று மழை பெய்தால் நீர் வெள்ளமாக உள்ளே பாயும். சவ்வு பலூன்போல் விறைக்கும். அந்த விறைப்பினாலேயே திறந்துகொள்ளும் மதகுகள் சவ்வில் உண்டு. அவை வழியே கரைபொருளைக் கொட்டிவிட்டால் பிழைத்தது. பிந்தினால் வெடித்தது. செத்தவற்றின் சத்தும், பிழைத்தவை கொட்டியதும் மற்றவற்றுக்கு உணவாகி, முதல் மழைக்குப்பின் மண்ணில் ஒரு பெரும் சுறுசுறுப்பு எழுகிறது. கரியமிலவாயு குபீரென்று வெளிவருகிறது, தழைச்சத்தும் விடுபடுகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் பணிபுரிந்த பர்ச் என்பவர் 1958-ஆம் ஆண்டில் இதை விரிவாக எழுதியதால் அவர் பெயரே இதற்கு வழங்குகிறது. திருக்குறளில் உழவு அதிகாரத்தைப் படித்த மாணவர்களுக்கு இங்கே ஒன்று நினைவுக்கு வரலாம். ஒரு பலம் புழுதியைக் கால் பலமாக உணக்கினால் ஒரு பிடி எருவும் வேண்டாமலே பயிர் செழிக்கும் என்கிறார் வள்ளுவர். வள்ளுவர் பாக்டீரியாவை அறிந்திருந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடும் இல்லை. புழுதியைக் காயவிட்டால் விளைச்சல் கூடும் என்பதைக் கண்ணால் கண்ட உழவர்கள் அவர் காலத்தில் இருந்தார்கள், அது போதும்.

அடுத்த பங்குனியில் மறுபடி அந்தச் சிற்றூருக்குப் போனேன். உரத்தைக் குறைத்ததால் நேர்ந்த நஷ்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தேன். பெரியவர் கையசைத்து அதை நிறுத்திவிட்டு, "அந்தப் பூச்சிக்கு நம் ஊர் வெயில் பழக எத்தனை நாள் ஆகும், ஐயா?" என்று கேட்டார். பூச்சி என்றது பாக்டீரியாவை. நான் நாள்கணக்கில் விடை சொல்ல முடியாமல், "உங்கள் கொல்லையில் ஏற்கெனவே பழகியது இருக்கிறதே, அதையே கொஞ்சம் எடுத்துப் போகட்டுமா?" என்றேன்.

எஞ்சியிருந்த பழைய செடிகளின் முடிச்சுக்களையும் ஒரு பிடி மண்ணையும் ஈரத்துணியில் சுற்றி எடுத்துவந்து, அவற்றிலிருந்து பாக்டீரியாவைப் பிரித்தோம். வளர்க்கும்போதே சூட்டைச் சிறிது சிறிதாக ஏற்றினோம். வளர்ச்சி முற்றி, உணவு தீர்ந்து, சவ்வு இறுகும் தறுவாய் வரை காத்திருந்து பொட்டலம் கட்டினோம். ஆடியில் அதை ஈரச் சாக்கில் பொதிந்து, இரவுப் பஸ்ஸில், மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன்.

பெரியவர் விடியுமுன்பே எழுந்து கஞ்சி காய்ச்சி ஆறவைத்திருந்தார். முந்தின நாள் நல்ல மழை. விதையைப் புரட்டி, வேப்பமரத்தடியில் சாக்கை விரித்துப் பரப்பினோம். வெயில் நகர்ந்து சாக்கின் ஓரத்தைத் தொட்டபோதெல்லாம் அவருடைய பேத்தி ஓடிவந்து அதை நிழலுக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். நாற்பதாம் நாள் எனக்கு ஒரு கார்டு வந்தது. அதில் ஒரே வரி: முடிச்சைக் கிள்ளிப் பார்த்தோம், உள்ளே சிவப்பாக இருக்கிறது.